உயர்த்திய ஜிப்சியும் உதறிய ஸ்டீயரிங்கும்

பெங்களூரில் சில்க் போர்டு பக்கம் மேம்பாலத்தில் ஏறி இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். வேகம் 65. பாலத்தின் ஒரு கண்ணும் அடுத்த கண்ணும் சேருகிற இரும்பு இணைப்பின்மேல் முன்சக்கரங்கள் 'டடக்' என்று ஏறி இறங்கின. அடுத்த நொடி ஸ்டீயரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. இடமும் வலமுமாக, எண்ண முடியாத வேகத்தில் உதறியது. டாஷ்போர்டு, முன்கண்ணாடி, பின்னால் கிடந்த ஜாக்கி எல்லாம் சேர்ந்து அலறின. பக்கத்து இருக்கையில் அம்மா, ஓசூரில் அக்கா வீட்டுக்குச் சுட்டு எடுத்துவந்த முறுக்கு டப்பாவை இறுக்கிப் பிடித்தபடி "முருகா" என்று மட்டும் சொன்னார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை எதிர்த்து முறுக்காமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். வேகம் 30-க்கு இறங்கிய பிறகுதான் நடுக்கம் நின்றது. எலக்ட்ரானிக் சிட்டிவரை மிச்சமிருந்த தூரத்தை மாட்டுவண்டிபோலக் கடந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரனில் திட்டியதெல்லாம் காதில் ஏறவில்லை.

வண்டி 1997-ஆம் வருட மாருதி ஜிப்சி கிங் ஜீப், 1300 சிசி, கார்புரேட்டர் எஞ்சின். குடகில் ஒரு காப்பித் தோட்டக்காரரிடமிருந்து வாங்கினேன். தோட்டத்து மண்பாதைக்காக அதைத் தூக்கி வைத்திருந்தார்கள். பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதல், ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீட்டியது, 205/70 டயர் இருந்த இடத்தில் 235/75 R15 மட் டெரெய்ன் (சேற்றுப்பாதை) டயர். பார்க்க யானைக்குட்டி மாதிரி இருந்தது. அந்த அழகுக்குத்தான் பணம் கொடுத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆஸ்டின் டவுனிலிருந்து மாரத்தஹள்ளிக்கு அலுவலகம் போய்வரும் ஆளுக்கு, காப்பித் தோட்டத்துக்குத் தூக்கிய வண்டி எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

நடுக்கம் வந்தால் எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். வீல் பேலன்சிங். அவ்வளவு பெரிய மட் டெரெய்ன் டயருக்கு அது தேவையான வேலைதான். இரண்டு சக்கரத்தில் ஈயக்கட்டி அதிகமாகவே வைத்தார்கள். வேகமாகப் போகும்போது இருந்த மெல்லிய அதிர்வு போனது. பாலத்து இணைப்பில் ஏறியபோது உதறல் அப்படியே இருந்தது. பிறகு கணினி வைத்துச் செய்யும் வீல் அலைன்மெண்ட். பையன் டோவை, அதாவது முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் அளவை, சரிசெய்தான், ஒரு தாளை அச்சடித்துக் கையில் கொடுத்தான். நான் அதை மடித்து டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டேன். அந்தத் தாள் அங்கே நான்கு மாதம் கிடந்தது. கதையின் பாதி விடை அதில் சிவப்பு மையில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு பட்டறையில் புது ஸ்டீயரிங் டேம்பர், அதாவது ஸ்டீயரிங்கின் ஆட்டத்தை உறிஞ்சும் ஷாக் அப்சார்பர், போட்டார்கள். வண்டி வெண்ணெய்போல ஓடியது. மூன்று வாரம் எல்லாரிடமும் அந்தப் பட்டறையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் அதே பாலத்தில், சற்று மெதுவாக, அதே உதறல். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதுபோலத்தான் டேம்பர். உதறலை அமுக்குமே தவிர, உதறலுக்குக் காரணமான தளர்ச்சியைத் தொடாது. தளர்ச்சி வளர வளர, புது டேம்பரும் தோற்றுப்போகும்.

அடுத்து நடந்ததுதான் உண்மையில் ஆபத்தானது. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் அசைத்தாலும் வண்டி அசையாமல் போனது. 'பிளே' என்று பட்டறைகளில் சொல்வார்களே, அது. இன்னொரு இடத்தில் ஸ்டீயரிங் பெட்டியின் மேலிருக்கும் திருகைக் கால் சுற்று இறுக்கிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை, நூறு ரூபாய்கூட வாங்கவில்லை. பிளே பாதியாகக் குறைந்தது. ஆனால் அன்று மாலை டொம்லூர் அருகே வலப்பக்கம் திரும்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால், ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை. நடுவில் எங்கோ ஒரு கடினமான இடத்தில் சிக்கி நின்றது. கையால் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம்தான் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருந்த பெரியவரிடம் போனேன். தகரக் கூரை, ஒரே ஒரு வண்டி நிற்கும் இடம், போர்டு கிடையாது. கோலார் தங்கவயல்காரர். 2001-இல் சுரங்கம் மூடப்படும்வரை அங்கே வண்டிப் பட்டறையில் இருந்தவர், அதன்பிறகு குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்துவிட்டார். இத்தனை நாள் ஏன் அவரிடம் போகவில்லை என்றால், அவரிடம் கணினி இல்லை என்பதால்தான்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "என்னென்ன மாற்றினீர்கள் என்று சொல்ல வேண்டாம் தம்பி. எதற்குப் பிறகு எது வந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். தூக்கியது முந்தைய உரிமையாளர். தூக்கிய பிறகு ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நின்றதென்றும், அதை ஒரு மெக்கானிக் நேராக்கிக் கொடுத்தாரென்றும் அவர் பேச்சுவாக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன். பெரியவர் சிரித்தார். "எதை நேராக்கினார், சக்கரத்தையா, பெட்டியையா?"

எனக்குப் புரியவில்லை. அவரும் அப்போது விளக்கவில்லை.

முதல் சோதனைக்கு ஜாக்கிகூடத் தேவைப்படவில்லை. வண்டி தரையில், எஞ்சின் அணைத்து. நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்ட வேண்டும். அவர் சாக்கை விரித்துக் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகக் கையால் தொட்டுப் பார்த்தார். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் கம்பியின் முனை மூட்டுகளான டை ராட் எண்டுகள், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பியின் இரு முனை, ஸ்டீயரிங் பெட்டியைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள், அந்த இடத்துச் சேசிஸ் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்பது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும் என்றார். எல்லாம் சரி. ஏற்கெனவே இரண்டு பட்டறைகளில் டை ராட் எண்ட் மாற்றச் சொல்லியிருந்தார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது சோதனையை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, அச்சுக்குக் கீழே மரக்கட்டை முட்டுக்கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடாதீர்கள். பிறகு டயரை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டினார். லொடக்கென்று ஆட்டம் இருந்தது. "வீல் பேரிங்" என்றேன், எனக்குத் தெரியும் என்ற தோரணையில். "பிரேக்கை மிதியுங்கள்" என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார். ஆட்டம் அப்படியே இருந்தது. பிரேக் மிதித்தால் டிஸ்க்கும் காலிப்பரும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், வீல் பேரிங்கின் தளர்ச்சி மறைந்துவிடும். மறையவில்லை என்றால் தளர்ச்சி அதற்கு உட்புறம், சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணியான கிங்பின்னில். முழு விஷயமும் ஒரு மிதியில் முடிந்தது. நான் பழகும் மருத்துவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாக நோயைச் சொன்னதில்லை.

ஜிப்சியின் முன்னச்சு முழு இரும்புத் தண்டு. அதன் இரு முனையிலும் கிண்ணத்துக்குள் உருண்டைபோல ஒரு கூடு, அதைச் சுற்றித்தான் சக்கரம் திரும்பும். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு சிறிய டேப்பர் பேரிங்குகள் அந்தத் திருப்பத்தைத் தாங்குகின்றன. இடப்பக்கக் கூட்டைப் பெரியவர் கழற்றியபோது கிரீஸ் வரவில்லை. கறுப்பாக, நீர்த்த புளிக்குழம்புபோல ஏதோ வழிந்தது. உள்ளச்சின் ஆயில் சீல் பழுதாகி, அச்சின் பற்சக்கரப் பெட்டியான டிஃப்ரன்ஷியலின் ஆயில் கூட்டுக்குள் கசிந்து கிரீஸைக் கரைத்துவிட்டிருந்தது. பனியன் வேஸ்ட்டால் கீழ் பேரிங்கின் கப்பைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பளபளப்பான வளையத்தில் வரிசையாகப் பள்ளங்கள், களிமண்ணில் நகத்தால் அழுத்தினதுபோல, சீரான இடைவெளியில். என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். நகம் ஒவ்வொன்றிலும் விழுந்து எழுந்தது.

அந்தப் பள்ளங்கள் ஓட்டத்தால் தேய்ந்தவை அல்ல. வீல் பேரிங் முழுச்சுற்றுச் சுற்றுகிறது, கிங்பின் பேரிங் அப்படிச் சுற்றுவதில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி வண்டி நேராகப் போகும்போது, உருளைகள் ஒரே இடத்தில் நின்று குழிகளின் அடியையெல்லாம் வாங்குகின்றன. பெரிய, கனமான டயர் அந்த அடியை இன்னும் பெரிதாக்குகிறது. அதனால் நேராகப் போகும்போது உருளைகள் பள்ளத்தில் இறங்கித் தளர்ந்துவிடுகின்றன, திருப்பினால் மேடேறி இறுகிவிடுகின்றன. நேர்ப்பாதையில் உதறலும், திருப்பத்தில் கனமும் ஒரே பேரிங்கிலிருந்து வந்துகொண்டிருந்தன. இதில் எந்த டேம்பர் என்ன செய்யும்?

பேரிங் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோடு போனேன். ஒரு விஷயம்: கடையில் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பழையதைக் கழுவி எடுத்துப்போய், விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். 'ஜிப்சி கிங்பின்' என்று கேட்ட முதல் கடையில் வேறு அளவுப் பேரிங்கை மிகுந்த நம்பிக்கையோடு எடுத்துவைத்தார்கள். நான்கு பேரிங், இரண்டு உள்சீல், வெளியே உருண்டையைத் துடைக்கும் சீல் ஒரு ஜோடி. பேரிங் மாற்றிச் சீலை விட்டுவைத்தால் ஆறு மாதத்தில் மறுபடி அதே குழம்பு.

மாட்டுவதில்தான் சூட்சுமம். கிங்பின் தகட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்துத்தான் பேரிங்கின் இறுக்கம் வருகிறது. பெரியவர் டை ராடையும் வெளிச்சீலையும் கழற்றி வைத்துவிட்டு, டை ராட் மாட்டும் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்தார். பழைய பேப்பர்காரர் வைத்திருப்பாரே, அதே கைத்தராசு. கூடு அசையத் தொடங்கும்போது முள் ஒரு கிலோவுக்கு மேலே, இரண்டு கிலோவுக்குக் கீழே நிற்க வேண்டும் என்றார். முதல் தடவை மூன்றுக்குப் போனது. ஒரு ஷிம்மைச் சேர்த்தார். இரண்டாம் தடவை முக்கால். மெல்லியதாக வேறொன்றை மாற்றி வைத்தார். ஐந்தாவது தடவையில் ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கையால் ஆட்டிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று மாட்டித் தருகிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிறகுதான் ஸ்டீயரிங் பெட்டி. டிராக் லிங்க்கைப் பிரித்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பி எண்ணச் சொன்னார். கோடியில் இடிக்கக் கூடாது, தொட்டதும் நிறுத்த வேண்டும். என் வண்டியில் மொத்தம் நான்கு சுற்று. அப்படியானால் நடு என்பது இரண்டு. ஆனால் என் ஸ்டீயரிங் 'நேராக' இருந்த நிலையிலிருந்து இடப்பக்கம் ஒன்றே முக்கால், வலப்பக்கம் இரண்டே கால். பெட்டி நடுவிலிருந்து கால் சுற்று தள்ளி இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

பெரியவர் முதல் நாள் சிரித்ததன் பொருள் அப்போதுதான் விளங்கியது. வண்டியைத் தூக்கினால், மேலே சேசிஸில் இருக்கும் பெட்டிக்கும் கீழே அச்சில் இருக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள டிராக் லிங்க் முன்பைவிடச் செங்குத்தாகச் சாயும். சாய்ந்த கம்பி குறுக்குவாட்டில் எட்டுவது குறையும், சக்கரங்கள் ஒருபக்கம் இழுபடும். ஓட்டுபவர் அதை ஈடுகட்டி ஓட்டும்போது கையில் இருக்கும் ஸ்டீயரிங் கோணலாகத் தெரியும். செய்ய வேண்டியது, டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருகி அதிகப்படுத்துவது. அந்த மெக்கானிக் செய்தது, நடு நட்டைக் கழற்றி ஸ்டீயரிங் சக்கரத்தை மட்டும் எடுத்து நேராகத் திருப்பி மாட்டியது. கண்ணுக்கு நேர். உள்ளே கோணல்.

கோணலாக இருந்தால் என்ன என்று கேட்கலாம், நானும் கேட்டேன். இந்த வகைப் பெட்டிக்குள் குண்டுகள் ஓடும் திருகுமரையும் பற்சக்கரமும் இருக்கின்றன. பற்கள் நடுவில் மட்டும் மிக நெருக்கமாகப் பொருந்தும்படி செதுக்கியிருப்பார்கள், இருபக்கமும் போகப்போகச் சிறிது இடைவெளி விடும். நேராகப் போகும்போது பிளே இருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. என் வண்டி நேராகப் போனபோது பெட்டி நடுவில் இல்லை, இடைவெளியுள்ள பகுதியில் இருந்தது. அதனால் பிளே. அந்தப் பிளேயைக் குறைக்க மேல்திருகை இறுக்கினார்கள். இறுக்கியதும் உண்மையான நடுவில் பற்கள் ஒன்றையொன்று கடித்தன. டொம்லூரில் என் ஸ்டீயரிங் சிக்கி நின்ற கடினமான இடம் அதுதான். ஒரு தவற்றை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மூன்றாவது. நானும் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்திருக்கிறேன்.

பெட்டியை நடுவில் நிறுத்தி, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஸ்டீயரிங் சக்கரத்தை நேராக மாட்டி, மேல்திருகைத் தளர்த்தி நடுநிலையிலேயே மறுபடி அமைத்து, கடைசியாக டிராக் லிங்க்கை நீட்டிச் சேர்த்தார். கொஞ்சம் பிளே விட்டுவைத்தார். "இதையும் எடுத்துவிடலாமே ஐயா" என்றேன். "எடுத்தால் திருப்பத்தில் திரும்பி வராது. புதிதாக வந்தபோதே இந்த வண்டிக்கு இவ்வளவு இருந்திருக்கும்" என்றார்.

அப்புறம் அந்தத் தாள். டாஷ்போர்டுப் பெட்டியில் கையுறை தேடியபோது வெளியே விழுந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். டோ பச்சை. அதன் மேல்வரியில் காஸ்டர், சிவப்பில், இரண்டு பக்கமும் ஒரு டிகிரிக்கு அருகே. ஜிப்சிக்கு அது மூன்றரை டிகிரி இருக்க வேண்டும். இரும்பு அச்சில் காஸ்டரைத் திருகி மாற்ற வழியில்லை என்பதால் அலைன்மெண்ட் பையன் அதைத் தொடவில்லை, சொல்லவும் இல்லை. நான் வாசிக்கவும் இல்லை.

சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதல்லவா, அந்தச் சாய்வுதான் காஸ்டர். நாம் கையை விட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேராகப் போவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஜிப்சியில் முன் ஷேக்கிள், ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் முன்முனை தாழும், அச்சு முன்பக்கம் உருளும், சாய்வு போய்விடும். சாய்வு போனால் சக்கரத்துக்குத் தன் நேர்நிலை மறந்துவிடும். பாலத்து இணைப்பு தட்டினால் போதும், உதற ஆரம்பிக்கும். இதில் வேடிக்கை, ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஓர் அங்குலம்தான். அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் இவ்வளவும்.

அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சாய்வைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று படித்திருந்தேன், சொன்னேன். வைக்கலாம், ஆனால் அச்சைப் பின்னால் உருட்டினால் டிஃப்ரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கும், ஏற்கெனவே உயர்த்திய வண்டியில் டிஃப்ரன்ஷியலுக்கு ஓட்டம் கொண்டுவரும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு இன்னும் மடங்கும் என்றார். பழைய அளவு ஷேக்கிளும் புதுப் புஷ்ஷும் போட்டோம். வண்டியின் முன்பக்கம் ஓர் அங்குலம் தணிந்தது. என் அகங்காரமும் அதே அளவு என்று வைத்துக்கொள்ளலாம். டயரில் காற்று 35 இருந்ததை 26 ஆக்கினார், இந்த எடையில்லாத வண்டிக்கு 35 வைத்தால் டயர் பந்துபோலக் குதிக்கும் என்று.

தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, நண்பர்களோடு சேர்ந்து நானும் புலம்பியவன்தான். இப்போது புலம்பலின் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டயர் தேய்ந்ததும் 215/75-க்கு வந்துவிட்டேன்.

மாட்டியெல்லாம் முடித்த பிறகு பெரியவர் டேம்பரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இது இல்லாமல் அந்தப் பாலத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். இது இருந்தால் நோய் தெரியாது." ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, சாலையில் கூட்டமில்லை. அம்மாவை அழைத்துப்போகவில்லை. நாற்பதில் ஓர் இணைப்பு, ஐம்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 'டடக்', அவ்வளவுதான். 65-இல் கை வியர்த்தது. ஸ்டீயரிங் லேசாக ஒருமுறை துள்ளிவிட்டு, தானாக நேருக்கு வந்து நின்றது. எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கித் திரும்பி, கீழ்ச்சாலையில் ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி மேலே ஏறி ஓட்டினேன்.

டேம்பரைத் திரும்ப மாட்டினார். பேரிங், சீல், புஷ், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். அதற்கு முன் நான்கு மாதத்தில் நான் செலவழித்தது அதைப்போல இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி முடுக்க வரச் சொன்னார், புதிதாகப் பிரித்து மாட்டிய ஸ்பிரிங் படிந்து அமரும் என்று. போனேன். எட்டில் ஐந்து நட்டுகள் கால் சுற்று இறங்கின.